கிராஸ் ஸ்டிட்ச் டிசைனில் பேக் ஸ்டிட்சைத் திருத்துவது எப்படி? ஒரு கிளியை வைத்து முழு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் கணினியில் ஒரு கிளி டிசைன் போட்டேன். அகலம் 70 கட்டம், உயரம் 90. பதினான்கு கவுண்ட் (அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம்) ஐடா துணியில் தைத்தால் ஏறக்குறைய 12.7 செ.மீ. அகலம், 16.3 செ.மீ. உயரம் வரும். தலையணை உறைக்குப் போதும். சித்தி மகள் அதை வாங்கிக்கொண்டு போய்த் தைக்க ஆரம்பித்தாள். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "அக்கா, வாலுக்கு வெளியே ஒரு கோடு தனியா நிக்குதே, அது என்னக்கா? மீசையா?"

கிளிக்கு வாலில் ஏது மீசை! கடைசி நேரத்தில் ஒரு வேப்பிலைக்கு இடம் வேண்டுமென்று கிளியை இரண்டு கட்டம் இடப்பக்கம் நகர்த்தியிருந்தேன். குறுக்குத் தையல் (கிராஸ் ஸ்டிட்ச்) அத்தனையும் நகர்ந்துவிட்டது. வால் ஓரத்துக் கோடு ஒன்று மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. திரையில் பச்சைக்குப் பக்கத்தில் கரும்பச்சைக் கோடு, என் கண்ணில் படவே இல்லை. துணியில் தைத்தவளுக்குத்தான் பட்டது.

அதற்குப் பிறகு பேக் ஸ்டிட்சை, அதாவது இந்த மாதிரிக் கோட்டுத் தையலை, திருத்துவதற்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். நீங்கள் பயன்படுத்துவது பிசிஸ்டிட்ச், பேட்டர்ன் மேக்கர், வின்ஸ்டிட்ச் போன்ற விலை கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருக்கலாம். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கேஎக்ஸ்ஸ்டிட்ச், பிரவுசரிலேயே ஓடும் ஃப்ளாஸ்கிராஸ் போன்றதாகவும் இருக்கலாம். பட்டனின் பெயரும் இடமும் மாறுமே தவிர, வேலை ஒன்றுதான்.

கோடு எங்கே குடியிருக்கிறது?

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. குறுக்குத் தையல் ஒரு கட்டத்துக்குச் சொந்தம். இந்தக் கட்டத்தில் இந்த நிறம் என்று மென்பொருள் குறித்து வைத்துக்கொள்ளும். பேக் ஸ்டிட்ச் எந்தக் கட்டத்துக்கும் சொந்தமில்லை. இந்தப் புள்ளியில் தொடங்கி அந்தப் புள்ளியில் முடிகிறது, நிறம் இது, அவ்வளவுதான் அதன் விவரம். இரண்டும் வேறு வேறு பட்டியல்களில் இருக்கின்றன. அதனால்தான் நிரப்பும் கருவியால் கட்டத்தின் நிறத்தை மாற்றினால் கோடு மாறுவதில்லை. சாதாரண அழிப்பானால் தேய்த்தாலும் பல மென்பொருள்களில் கோடு அசையாமல் நிற்கும். ஒரு புகைப்படத்தைக் கொடுத்து டிசைனாக மாற்றச் சொன்னாலும் பொதுவாகக் கட்டங்கள்தான் வரும், கோடுகளை நாம்தான் போட வேண்டும்.

இன்னொன்று. திரையில் கோடு போடும்போது பேனா பிடித்த மாதிரி கை ஓடும். ஆனால் ஒவ்வொரு கோடும் ஊசி ஒரு துளையில் மேலே வந்து இன்னொரு துளையில் கீழே போவது. அந்த இரண்டு துளைகளும் துணியில் இருக்கின்றனவா என்பதுதான் எப்போதும் கேள்வி.

தொடங்கும் முன்

கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். நான் கிளி 03, கிளி 04 என்று எண் போட்டுக்கொண்டே போவேன். செய்ததைத் திரும்பப் பெறும் (அன்டூ) வசதி இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்தால், மூடித் திறந்த பிறகு அது கை கொடுக்காது.

அப்புறம், காட்சி மெனுவில் குறுக்குத் தையலை மறைக்கவோ மங்கலாக்கவோ வழி இருக்கும். முதலில் முழுவதும் மறைத்துவிட்டுக் கோடுகளை மட்டும் பாருங்கள். கிளியின் எலும்புக்கூடு மாதிரி தெரியும். அனாதையாக நிற்கும் கோடு, ஒரு கட்டம் தள்ளி முடியும் கோடு, மூடாத வளைவு எல்லாம் இந்த ஒரு பார்வையிலேயே மாட்டும். என் வால் மீசையை அன்றைக்கே இப்படிப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். திருத்தும்போது மட்டும் கட்டங்களை மங்கலாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, கோடு எந்தப் புள்ளிகளில் ஒட்டும் என்ற அமைப்பு. ஒரு கட்டத்துக்கு நான்கு மூலைகள், நான்கு ஓர நடுப்புள்ளிகள், ஒரு மையம் என்று ஒன்பது இடங்கள் உண்டு. சிலவற்றில் மூலைக்கு மட்டும் ஒட்டும்படி வைக்கலாம், சிலவற்றில் ஒன்பதுக்கும். இதை முடிவு செய்ய வேண்டியது துணி. ஐடாவில் துளைகள் மூலைகளில்தான் இருக்கின்றன. நடுப்புள்ளியில் குத்தினால், நெய்த கட்டியின் நடுவே ஊசி கிழித்துக்கொண்டு போக வேண்டும். மொட்டை முனை டேப்பஸ்ட்ரி ஊசி அதற்கு உதவாது, கூர் ஊசியை எடுக்க வேண்டும். 28 கவுண்ட் ஈவன்வீவ் (நூல்களைச் சம இடைவெளியில் நெய்த) துணியில் இரண்டு நூல் தாண்டித் தைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே ஒவ்வொரு நடுப்புள்ளியிலும் இயல்பாகவே துளை இருக்கும். நான் ஐடாவுக்குப் போடும் டிசைனில் மூலைக்கு மட்டும் பூட்டிவிட்டு, கண், நகம் போன்ற ஓரிரு இடத்தில் மட்டும் அவிழ்ப்பேன். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் மேட்டி துணிக்கும் இதையே செய்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: டிசைன் போட்டபோது நடுப்புள்ளிக்கு ஒட்டும்படி வைத்திருந்து, திருத்தும்போது மூலைக்கு மட்டும் என்று மாற்றினால், பழைய கோடுகளின் நுனியைப் புதுக் கோடுகள் தொடாது. அரைக் கட்ட இடைவெளி விழும். சாதாரணப் பார்வைக்குத் தெரியாது, பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு கோட்டைப் பிடிப்பது, அழிப்பது, மாற்றுவது

கோட்டைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கருவி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கோட்டின் நடுவில் கிளிக் செய்யுங்கள். நுனியில் செய்தால் அங்கே சேரும் மூன்று நான்கு கோடுகளில் எது மாட்டும் என்று சொல்ல முடியாது. நுனியைப் பிடித்து இழுத்து நீட்டும் வசதி உள்ள மென்பொருள் என்றால் நல்லது. இல்லையென்றால் அழித்துப் புதிதாகப் போடுவதுதான் வேகம்.

அழித்தும் கோடு அங்கேயே நிற்கிறதா? கணினி மேல் கோபப்பட வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. வெட்டி ஒட்டும்போதும், சரியாக விழவில்லையோ என்று இன்னொரு முறை போடும்போதும் இப்படி ஆகும். அச்சில் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் நூல் கணக்கு இரட்டிப்பாகும். மேலே கிடப்பது கரும்பச்சை, கீழே கிடப்பது பழைய கறுப்பு என்றால், சில நேரம் அச்சில் கறுப்பு எட்டிப் பார்க்கும். கண்டுபிடிக்க எளிய வழி: குறிப்புப் பட்டியலில் ஒவ்வொரு கோட்டு நிறத்தையும் தற்காலிகமாகப் பளீரென்ற ஒரு நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். நீங்கள் விட்டொழித்த கறுப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கொஞ்சம் தொழில்நுட்பம் பிடிக்கும் என்றால் இன்னொரு வழி. உர்சா சாஃப்ட்வேர் நிறுவனம் கொண்டுவந்த ஓஎக்ஸ்எஸ் என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல், அதாவது வெறும் எழுத்துதான், நோட்பேடிலேயே திறக்கும். அதில் ஒவ்வொரு பேக் ஸ்டிட்சும் ஒரு வரி. தொடங்கும் புள்ளிக்கு இரண்டு எண், முடியும் புள்ளிக்கு இரண்டு எண், நிறத்துக்கு ஒரு எண். இரட்டைக் கோடு இருந்தால் அதே எண்கள் இரண்டு வரியில் வரும். தலைகீழாகப் போட்ட கோட்டையும் கவனியுங்கள். இடமிருந்து வலம் ஒன்று, வலமிருந்து இடம் ஒன்று என்றால் எண்கள் முன்பின்னாக இருக்கும், கோடு ஒன்றேதான்.

நிறம்

புதிதாகப் போடுபவர்கள் எல்லாவற்றையும் டிஎம்சி நூலில் 310 என்ற எண்ணுள்ள கறுப்பால் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். கார்ட்டூனுக்குச் சரி. கிளிக்கு அது சவப்பெட்டி மாதிரி இருக்கும். என் கிளிக்கு உடம்பு 702, அதன் ஓரக்கோடு 895 கரும்பச்சை. அலகு 321 சிவப்பு, ஓரம் 815. கண்ணுக்கு மட்டும் 310. கறுப்பு தேவை, ஆனால் அவ்வளவு அடர்த்தி வேண்டாம் என்ற இடத்தில் 3799 என்ற கரும் சாம்பல் அழகாக உட்காரும். பழுப்புப் பொருள்களுக்கு 898 அல்லது 3371. ஆங்கர் நூல் வைத்திருப்பவர்கள் 310க்குப் பதில் 403 எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி. ஒரே நிறத்தைக் குறுக்குத் தையலுக்கும் கோட்டுக்கும் பயன்படுத்தி, பட்டியலில் ஒரே பதிவாக வைத்திருந்தால், கோட்டின் நிறத்தை மாற்றப் போய்க் குறுக்குத் தையலும் சேர்ந்து மாறிவிடும். அதனால் கோட்டுக்கென்று தனிப் பதிவு போடுங்கள், எண் ஒன்றாகவே இருந்தாலும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: பதினான்கு கவுண்டில் குறுக்குத் தையலுக்கு இரண்டு இழை, கோட்டுக்கு ஒரு இழை என்று தனித்தனியாகக் குறிப்பிட முடியும்.

அலகை வளைப்பது

கிளி டிசைனில் என் நேரத்தை அதிகம் தின்றது அலகு. கட்டங்களின் ஓரத்தை ஒட்டியே கோடு போட்டால் படிக்கட்டு மாதிரி வரும். வளைவு வேண்டுமென்றால் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். மேல் அலகுக்கு நான் போட்டது இது, நெற்றியிலிருந்து நுனி வரை:

1. வலப்பக்கம் 2 கட்டம், நேர்க் கோடு.
2. வலப்பக்கம் 2, கீழே 1.
3. வலப்பக்கம் 1, கீழே 1.
4. வலப்பக்கம் 1, கீழே 2.
5. நேர் கீழே 2.

ஐந்தே கோடுகள். மொத்தம் ஆறு கட்டம் வலப்பக்கமும் ஆறு கட்டம் கீழுமாகப் போகிறது. எல்லா நுனியும் மூலைத் துளையில்தான், நடுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. வேறு எந்த வளைவுக்கும் இதே ஐந்தைத் திருப்பிப் போட்டும் கண்ணாடிப் பிம்பமாக்கியும் பயன்படுத்தலாம்.

கோடு போட்டதும் உள்ளே இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். மூன்றாவது கோடு ஒரு கட்டத்தைக் குறுக்கே பாதியாக வெட்டுகிறது. அந்தக் கட்டத்தில் முழுக் குறுக்குத் தையல் இருந்தால் சிவப்பு வெளியே வழியும். அங்கே கட்டத்தின் ஒரு பாதியை மட்டும் மூடும் முக்கால் தையல் போட வேண்டும். இரண்டாவது, நான்காவது கோடுகள் இரண்டு கட்டங்களை ஒரே சாய்வில் கடக்கின்றன. அங்கே முக்கால் தையலும் துல்லியமாகப் பொருந்தாது. கோட்டுக்கு உள்ளே அதிகம் இருக்கும் கட்டத்தை நிரப்பிவிட்டு, மற்றதைக் காலியாக விட்டுவிடுகிறேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிசகு, யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

நீளம் என்னவென்றால், தலையணை உறை போலக் கை படும் பொருளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று கட்டத்துக்கு மேல் ஒரே தையலாக விடாதீர்கள். வளையலில் மாட்டும், நகத்தில் மாட்டும். மென்பொருளில் பத்துக் கட்டக் கோட்டை ஒரே இழுப்பில் போட்டுவிடலாம், தைப்பவர் அதை ஒரே தையலாகப் புரிந்துகொள்ளவும் கூடும். அதனால் நீளக் கோட்டை அழித்துவிட்டு ஒவ்வொரு கட்டமாகப் போட்டுவிடுங்கள். சில மென்பொருளில் கோட்டைத் துண்டாக்கும் கட்டளையே உண்டு. பூனையின் மீசை, பூவின் மகரந்தத் தண்டு போன்றவற்றை வேண்டுமென்றே நீளத் தையலாக விட்டால், குறிப்பில் அப்படி எழுதிவிடுங்கள். (பாருங்கள், மீசை மறுபடியும் வந்துவிட்டது.)

நகர்த்தும்போது

இதுதான் என்னைக் கவிழ்த்த இடம். செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது, செவ்வகத்துக்கு உள்ளே முழுவதும் இருக்கும் கோடு கூடவே வரும். விளிம்பைக் கடக்கும் கோட்டை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக நடத்தும்: விட்டுவிட்டுப் போகும், இல்லையென்றால் இழுத்துக்கொண்டு போகும். அதனால் உருவத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு கட்டம் தாராளமாக விட்டுத் தேர்ந்தெடுங்கள். கோடுகளையும் முடிச்சுகளையும் சேர்த்து நகர்த்து என்ற தெரிவு தனியாக இருந்தால், அது இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகர்த்தி முடித்ததும் குறுக்குத் தையலை மறைத்து மறுபடி எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு வரிசையைச் செருகினாலும் நீக்கினாலும் இதே கதைதான். அந்த வரிசையைக் கடக்கும் சாய்கோடுகள் நீண்டோ உடைந்தோ போகும்.

பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வேறு விஷயம். 70 கட்டத்தை 50 ஆக்கினால் கோட்டின் நுனிகள் மூலைகளை விட்டுக் கண்ட இடத்தில் விழும். அதைத் திருத்த உட்காருவதைவிட எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது மேல். நான் இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பெயர் எழுதுவது

தலையணையில் பெயர் வேண்டும் என்று கேட்பார்கள். மென்பொருளின் எழுத்துக் கருவி பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்தது. தமிழைக் குறுக்குத் தையலில் போட்டால் வளைவுக்கு இடம் போதாமல் எழுத்து பிரம்மாண்டமாகிவிடும். பேக் ஸ்டிட்சில் சிறியதாகவே எழுதலாம், கையால் கோடு கோடாக.

சித்தி மகள் கேட்டது "பாப்பா". இதைவிட எளிய சொல் கிடைக்காது, எல்லாம் நேர்க் கோடு. ப என்பது மூன்று கோட்டு வரிசை: இடது கால், அடி, வலது கால். கால் எழுத்து (ா) அதைக் கவிழ்த்த மாதிரி: இடது கால், தலை, வலது கால். உயரம் 5 கட்டம், ப அகலம் 4, கால் அகலம் 3 என்று வைத்தேன். முதலில் எழுத்துகளுக்கு நடுவே 3 கட்டம் விட்டேன். கால் எழுத்தின் உள்ளகலமும் அதே 3. எது எழுத்து, எது இடைவெளி என்று தெரியாமல் மதில் சுவர்க் கோலம் மாதிரி ஆகிவிட்டது. இடைவெளியை 2 ஆகக் குறைத்ததும் சொல் தெரிந்தது. ஐந்து எழுத்துக்கு 18 கட்டம், நான்கு இடைவெளிக்கு 8, ஆக 26 கட்டம், துணியில் 4.7 செ.மீ.

ப்-இன் புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சு, ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் சிறு முடிச்சு. ப அகலத்தை 4 என்று இரட்டைப்படையில் வைத்ததற்குக் காரணமே அதுதான். நடு சரியாக ஒரு மூலைத் துளையில் விழும். 5 என்று வைத்திருந்தால் புள்ளி நெய்த கட்டியின் நடுவே வந்து நிற்கும். புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் இரட்டைப்படை அகலம் என்று பழகிக்கொள்ளுங்கள். ர எழுதும்போது கீழே இறங்கும் சாய்கோட்டை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் கால் எழுத்தாகத்தான் படிப்பார்கள். ழ, ஞ, ஐ வந்தால் எட்டுக் கட்ட உயரத்துக்குக் குறைந்து நான் முயல்வதில்லை.

எழுதி முடித்த பெயரைத் தனிக் கோப்பாகவும் சேமித்து வையுங்கள். அடுத்த முறை வெட்டி ஒட்டலாம்.

நூல் கணக்கு

மென்பொருள் காட்டும் கணக்கை நம்பும் முன் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். பேக் ஸ்டிட்சில் முன்பக்கம் ஒரு பங்கு நூல் தெரிந்தால், பின்பக்கம் இரண்டு பங்கு ஓடுகிறது. ஊசி ஒரு தையல் முன்னே போய் வந்து, ஒரு தையல் பின்னே இறங்குவதால். ஆக மூன்று மடங்கு. பதினான்கு கவுண்டில் ஒரு கட்டம் 1.81 மி.மீ. நேர் சாய்வு ஒரு கட்டத்தில் 1.41 கட்ட நீளம், இரண்டுக்கு ஒன்று சாய்வு 2.24. நம் அலகின் ஐந்து கோடும் சேர்ந்து 9.9 கட்டம், சுமார் 18 மி.மீ.; நூல் 5.4 செ.மீ. போகும். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை, அதாவது ஒற்றை இழையாக 48 மீட்டர். கோட்டுக்கு மட்டுமே வாங்கும் நிறத்தில் இரண்டாவது கண்டு தேவைப்படுவது அபூர்வம்.

பின்பக்கமும் அழகாக இருக்க வேண்டிய கைக்குட்டை போன்றவற்றுக்கு ஹோல்பைன் தையலைச் சொல்லலாம். போகும்போது ஒன்று விட்டு ஒன்று ஓட்டி, திரும்பி வரும்போது விட்டதை நிரப்புவது. பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த மனிதர்களின் சட்டைக் கழுத்தில் இந்த மாதிரி வேலை தெரிவதால் அந்தப் பெயர். அதில் நூல் இரண்டு மடங்குதான். டிசைனில் எந்த மாற்றமும் வேண்டாம், குறிப்பில் ஒரு வரி போதும்.

அச்சுக்கு அனுப்பும் முன்

கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவர்களே அதிகம். 895, 815, 310 மூன்றும் அதில் ஒரே கறுப்பாகிவிடும். ஒவ்வொரு கோட்டு நிறத்துக்கும் வேறு பாணி கொடுங்கள்: ஒன்று முழுக் கோடு, ஒன்று விட்டு விட்டு, ஒன்று புள்ளிக் கோடு. கோட்டின் தடிமன் அடியில் இருக்கும் குறியீட்டை மறைக்காத அளவில் இருக்கட்டும். கண்ணைச் சுற்றி நெருக்கமான இடத்தைப் பெரிதாக்கிக் கோடுகளை மட்டும் தனிப் பக்கமாகக் கொடுத்தால் தைப்பவர்கள் வாழ்த்துவார்கள். வேறு வடிவத்துக்கு மாற்றியிருந்தால், மாற்றிய கோப்பைத் திறந்து கோடுகள் வந்து சேர்ந்தனவா என்று பாருங்கள். குறுக்குத் தையல் வந்துவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் நான் ஒரு துண்டுத் துணியில் அலகும் கண்ணும் மட்டும் தைத்துப் பார்க்கிறேன், அரை மணி நேர வேலை. கிளி 06-இல் கண் ஒரு கட்டம் கீழே இறங்கியது அப்படித்தான். திரையில் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்த கிளி, துணியில் ஏனோ என்னை முறைத்தது.